இரண்டு படங்களுக்கு நடுவில் உள்ள மாதங்கள்

ரோஸ் ஹில், மொரிசியஸ்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடற்பருமனைக் குறைக்கும் அறுவை சிகிச்சை பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அதில் சொல்லப்பட்ட மருத்துவச் செய்திகளில் குறை எதுவும் எனக்குத் தென்படவில்லை. ஆனால் கட்டுரையோடு அச்சாகியிருந்த இரண்டு படங்களைப் பார்த்த பிறகு இக்கடிதத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை. இடப்பக்கப் படத்தில் அறுவைக்கு முன் பருத்த உடலோடு தலைகுனிந்து நிற்கும் ஒரு பெண். வலப்பக்கத்தில் ஓராண்டுக்குப் பின் அதே பெண், பழைய சுடிதாரின் இடுப்பைக் கையால் இழுத்துப் பிடித்து, அது எவ்வளவு தொளதொளத்துவிட்டது என்று காட்டிச் சிரிக்கிறார். இரண்டு படங்களுக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளைத் தாள் விடப்பட்டிருந்தது. நான் இப்போது அந்த வெள்ளைத் தாளில் இருக்கிறேன்.

எனக்கு வயது 47. ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு, இங்குள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் எனக்கு ‘ஸ்லீவ் காஸ்ட்ரெக்டமி’ எனப்படும் இரைப்பைக் குறைப்பு அறுவை நடந்தது. இப்போது நான்கரை மாதங்கள் ஆகின்றன. அன்று என் எடை 118 கிலோ, உயரம் 158 சென்டிமீட்டர், எடையை உயரத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் உடல் நிறை எண் (பி.எம்.ஐ.) 47. பதினொரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், இரவுதோறும் 30 யூனிட் இன்சுலின், ரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரைகள், மாடிப்படியைக் கண்டால் அஞ்சும் இரு முழங்கால்கள். இன்றைய எடை 91 கிலோ. மருத்துவமனையில் நிறுத்திய இன்சுலினை இன்றுவரை மீண்டும் தொடவேண்டி வரவில்லை. சர்க்கரைக்கு ஒரே மாத்திரை, அதுவும் பாதி அளவில். எனவே இந்த அறுவைக்கு எதிராக நான் எழுதவில்லை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். எடை மட்டும் இறங்கிக்கொண்டு போகும் ஒரு கோட்டை எல்லாரும் வரைந்து காட்டுகிறார்கள். அந்த மாதங்களில் மனம் எங்கெல்லாம் ஏறி இறங்கியது என்பதைத் தமிழில் எங்கும் படிக்கக் கிடைக்கவில்லை என்பதே என் வருத்தம்.

அறுவையைப் பற்றி வாசகர்கள் ஏற்கெனவே படித்திருப்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். வயிற்றில் சிறு துளைகளிட்டு, இரைப்பையின் வெளி வளைவை நெடுக வெட்டித் தையலிட்டு மூடுகிறார்கள். முக்கால் பங்குக்கு மேல் வெளியே போய்விடுகிறது. மீந்திருப்பது ஒரு சிறு வாழைப்பழம் போன்ற குழாய். வெட்டி எடுக்கப்படும் மேல்பகுதியில்தான் பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கிறது. அதனால் வயிறு சிறுத்துப்போவதோடு பசியும் அடங்கிவிடுகிறது. நாற்பது ஆண்டுகளாக நாள் தவறாமல் வாசலில் வந்து நின்ற கடன்காரன் ஒரு காலையில் வராமல் போனால் எப்படி இருக்குமோ, முதல் வாரங்களில் அப்படித்தான் இருந்தது. நிம்மதி என்றுதான் நினைத்தேன். ஆனால் பசியின் சத்தம் ஓய்ந்த பிறகே அதற்குப் பின்னால் இருந்த இன்னொன்றின் குரல் தெளிவாகக் கேட்கத் தொடங்கியது. வயிறு எதையும் கேட்கவில்லை. வாய் கேட்டது, கை கேட்டது, மாலை ஐந்து மணிக்குப் பள்ளியிலிருந்து வந்து காலணியைக் கழற்றும் நேரம் கேட்டது.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் இரவை மறக்க முடியாது. என் கணவர் பிள்ளைகளுக்காகப் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். எங்கள் கிரியோல் மொழி எத்தனையோ தமிழ்ச் சொற்களை மறந்துவிட்டாலும் கறிவேப்பிலையை மட்டும் இன்றும் ‘காரிப்பூலே’ என்றே சொல்கிறது. அந்தக் காரிப்பூலே எண்ணெயில் வெடித்த மணம் படுக்கையறை வரை வந்தது. கையில் மருந்து ஊற்றும் 30 மில்லி கோப்பை, அதில் வடிகட்டிய கோழிச் சாறு. அதைக் குடித்து முடிக்க எனக்குக் கால் மணி நேரம் கொடுக்கப்பட்டிருந்தது. எழுந்துபோய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நடமாடிக்கொண்டிருந்த உடம்பிலிருந்து ஒரு நல்ல உறுப்பை வெட்டி எறிந்துவிட்டேனே, இனி ஒட்டவைக்க முடியாதே என்ற ஒரே எண்ணம்தான் திரும்பத் திரும்ப வந்தது. அது மெய்யும்கூட: இந்த அறுவையில் எடுத்ததைத் திருப்பி வைக்க வழியில்லை. விரும்பிக் கேட்டுக் காசு கொடுத்துச் செய்துகொண்ட ஒன்றை நினைத்து அழுவதற்கு எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியதால், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நான்காம் நாள் தொலைபேசியில் பேசிய செவிலியரிடம் இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, முதல் மாதத்தில் பலர் இப்படித்தான் அழுவார்கள், இது புதிதன்று என்று மிகச் சாதாரணமாகச் சொன்னார். மயக்க மருந்தின் களைப்பு, ஒரு நாளைக்கு உள்ளே போகும் மிகக் குறைந்த உணவுச் சத்து, தூக்கக் குறைவு ஆகியவற்றோடு, கொழுப்புத் திசுக்களில் தங்கியிருந்த ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கொழுப்பு கரையும்போது ரத்தத்தில் கலப்பதும் மனநிலையை அலைக்கழிக்கக் கூடும் என்று பின்னர் மருத்துவர் விளக்கினார். கேட்டதும் எனக்கு ஆறுதலும் கோபமும் ஒருசேர வந்தன. அறுவைக்கு முன் எனக்குத் தரப்பட்ட தாள்களில் ரத்தம் கட்டிப்போதல், தையல் கசிதல் பற்றியெல்லாம் பத்தி பத்தியாக இருந்தன. மன மதிப்பீடு என்ற பெயரில் ஆம், இல்லை என்று குறியிடும் ஒரு படிவமும் இருபது நிமிடப் பேச்சும் நடந்தன. ‘நீங்கள் அழக்கூடும், அது சில வாரங்களில் தணியும், தணியாவிட்டால் எங்களை அழையுங்கள்’ என்ற ஒரு வரி அவற்றில் எங்கும் இல்லை. அந்த ஒரு வரி இருந்திருந்தால் குழாயைத் திறந்துவிட்டிருக்க மாட்டேன்.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. முதலில் தெளிந்த நீர்மங்கள், பிறகு பால், தயிர், புரதப் பொடி கரைத்த நீர்மங்கள், அதன்பின் அரைத்து வடித்தவை, அடுத்து மென்மையானவை என்று படிப்படியாக ஏறி, இரண்டாம் மாதத்துக்குப் பிறகே கட்டியான உணவுக்கு வர வேண்டும். நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாத புரதம் வேண்டும். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம்தான் இருக்கிறது. பத்து முட்டைக்கு இந்த வயிற்றில் இடம் ஏது? எனக்குக் கிடைத்த உணவுப் பட்டியல் ஐரோப்பியச் சமையலறைக்காக எழுதப்பட்டது. அதில் லீக் சூப்பும் வெண்ணெய்க்கட்டியும் இருந்தனவே தவிர, ரசம் இல்லை, பருப்புத் தண்ணீர் இல்லை, கஞ்சி இல்லை, மசித்த பூசணிக்காய் இல்லை. மிளகாயையும் புளியையும் குறைத்து வடிகட்டிய ரசத்தைக் குடிக்கலாமா என்று நானே கேட்டு, உணவியலாளர் சற்று யோசித்துத் தலையசைத்த அன்று இரவு, இரண்டு வாரங்களில் முதன்முறையாக அழாமல் தூங்கினேன். இது மருத்துவமா, மனமா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்தே குடிக்க வேண்டும் என்பதும் புதிய விதி. ஒரு கரண்டி கூடினால், அல்லது மெல்லாமல் அவசரமாக விழுங்கினால், நெஞ்சின் நடுவில் கல் வைத்தாற்போல் அழுத்தி, வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறி, உண்டது மேலே வந்துவிடுகிறது. பள்ளி ஆசிரியர் அறையில், மணியடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அவித்த முட்டையை அள்ளிப் போட்டுக்கொண்டு இதை நான் கற்றேன்.

தீபாவளிக்கு வருகிறேன். மொரிசியஸில் அன்று பொது விடுமுறை. அண்டை வீட்டார் எந்த இனத்தவரானாலும் தட்டுத் தட்டாகப் பலகாரம் போகும். சர்க்கரைவள்ளிக் கிழங்கை மாவாகப் பிசைந்து உள்ளே தேங்காய்ப் பூரணம் வைத்துப் பொரிக்கும் ‘காத்தோ பத்தாத்’ இல்லாமல் இங்கே தீபாவளி இல்லை. அதை நாற்பது பேருக்குச் செய்து கொடுப்பவள் நான். இம்முறையும் செய்தேன், ஒன்றைக்கூட வாயில் வைக்காமல் செய்தேன் என்று பெருமையாகச் சொல்லலாம்தான், ஆனால் உண்மை அதுவன்று: உப்பு, இனிப்புப் பார்க்க வேண்டும் என்ற சாக்கில் நாக்கில் வைத்து, சுவைத்து, துப்பினேன். துப்பியதைத் திரும்பிப் பார்த்த என் மகள் ஒன்றும் சொல்லாமல் அடுப்பை விட்டு விலகிப்போனாள். அந்த வாரம்தான் எடையும் நின்றுபோனது. முதல் பதினெட்டு நாளில் எட்டு கிலோ விழுந்த தராசு, அதன்பின் பன்னிரண்டு நாட்கள் 109.6 என்ற எண்ணை விட்டு அசையவில்லை. கத்தியால்கூட என்னைத் திருத்த முடியவில்லை என்று நினைத்தேன்.

மூன்றாவது வாரத்தை ஒட்டி எடை இப்படி நிற்பது மிகப் பலருக்கு நேர்வது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். உணவு குறைந்ததும் உடல் முதலில் ஈரலிலும் தசைகளிலும் சேமித்த கிளைகோஜன் என்னும் மாவுச்சத்தைச் செலவழிக்கிறது; ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீர் சேர்ந்திருப்பதால் முதல் கிலோக்களில் பெரும் பங்கு தண்ணீர்; பிறகு உடல் தன்னைச் சரிப்படுத்திக்கொண்டு தண்ணீரை மீண்டும் பிடித்துவைக்கும்போது, உள்ளே கொழுப்பு கரைந்தாலும் தராசு அசைவதில்லை. இதை அறிந்த பிறகு தராசை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவைத்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் இறக்கும்படி கணவரிடம் ஒப்படைத்தேன். இன்றும் அப்படித்தான்.

நான் மொழி ஆசிரியை என்பதால் இதையும் கவனித்தேன். தமிழில் ஒருவர் ‘இளைத்துப்போனார்’ என்றால் அது இரங்கல். ‘பூசினாற்போல் இருக்கிறார்’ என்றால் அது பாராட்டு. இளைப்பு என்ற ஒரே சொல்லுக்கு மெலிவு என்றும் பொருள், களைப்பு என்றும் பொருள். எடை குறைந்ததை வெற்றி என்று சொல்ல நம் பேச்சில் ஒரு நல்ல சொல் எனக்குச் சட்டென்று கிடைக்கவில்லை. இரண்டாம் மாதம் ஒரு திருமணத்தில் என்னைப் பார்த்த பெரியம்மா ஒருவர் கன்னத்தைத் தடவி, “ஏம்மா இப்படி இளைச்சுப் போயிட்ட, உடம்புக்கு ஏதாச்சுமா, வீட்ல ஏதாச்சும் பிரச்சனையா?” என்று கேட்டபோது, அவர் கண்ணில் உண்மையான கலக்கம் இருந்தது. அவருடைய பாட்டனார் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். அளந்து கொடுத்த அரிசியில் பிழைத்த குடும்பம். 1834 முதல் இந்தத் தீவுக்குக் கப்பலேறிய அத்தகைய குடும்பங்களில், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வளர்த்த பிள்ளை மெலிந்து நின்றால் அது கேடு என்றுதான் கண் பழகியிருக்கும். அவரிடம் என்ன சொல்வது? நான் பொய் சொன்னேன்.

பொய் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. பள்ளியில் விடுப்புக் கேட்டபோது பித்தப்பைக் கல்லுக்கு அறுவை என்று எழுதிக் கொடுத்திருந்தேன். வேகமாக எடை குறைகிறவர்களுக்குப் பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பு மெய்யாகவே உண்டு. அதைத் தடுக்க ஆறு மாதத்துக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சொன்ன பொய் பலித்துவிடாமல் இருக்க நாள்தோறும் மாத்திரை விழுங்குகிற நிலை என்னுடையது.

ஏன் மறைத்தேன் என்றால், என் உறவினர் ஒருவர் வேறொருவரைப் பற்றி முன்பு சொன்ன ஒரு சொல் என் காதிலேயே நின்றிருந்தது: “வாயைக் கட்டத் தெரியாதவர்கள் வயிற்றை வெட்டிக்கொள்கிறார்கள்.” சொல்நயம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பருமன் முழுவதும் மனவுறுதியின் குறைபாடு என்ற இந்த எண்ணத்துக்கு எங்கள் நாட்டின் அனுபவமே மறுப்பு. 1987இல் இங்கு எடுத்த மக்கள் நல ஆய்வில் சர்க்கரை நோயும் இதய நோய்க்கான காரணிகளும் மிகுந்திருப்பது தெரிந்ததும், பெரும்பாலும் பாமாயிலாக இருந்த ரேஷன் எண்ணெயை அரசு சோயா எண்ணெயாக மாற்றியது. 1992இல் மீண்டும் அளந்தபோது மக்களின் சராசரிக் கொலஸ்டிரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7 ஆக இறங்கியிருந்தது. எண்ணெய்ப் புட்டியில் இருந்தது மாறியதால் அந்த இறக்கத்தில் ஒரு பங்கு நேர்ந்தது. அதற்காக யாரும் வாயைக் கட்டவில்லை. அதே ஐந்து ஆண்டுகளில் மிகை எடை உள்ளோரின் விகிதம் கூடியது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த ஐந்து ஆண்டில் ஒரு தீவு முழுவதும் திடீரென்று சோம்பேறி ஆகிவிட்டதா என்ன? இன்று எங்கள் வயதுவந்தோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய்.

அதே 1987இல் ஸ்வீடனில் தொடங்கி, அறுவை செய்துகொண்டவர்களையும் செய்துகொள்ளாதவர்களையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2007இல் வெளியானது. செய்துகொண்டவர்களிடையே இறப்பு குறைவு என்று அது காட்டியது. ‘இப்போதுதான் எடையைக் குறைக்க ஊசி மருந்து வந்துவிட்டதே’ என்று கேட்பவர்களும் உண்டு. அது சிலருக்குப் பொருந்தும். எனக்கு எது பொருந்தும் என்பதை என் மருத்துவரோடு பேசி நான் முடிவு செய்தேன், அவ்வளவே.

வீட்டுக்குள் நேர்ந்ததைச் சொல்வது கடினம். இருந்தும் சொல்ல வேண்டியது அதுதான். இருபத்திரண்டு ஆண்டுகளாக வெள்ளிக்கிழமை மாலையில் நானும் கணவரும் சந்தைப் பக்கம் போய், பருப்பு வைத்துச் செய்யும் மெல்லிய ரொட்டியான ‘தோல் பூரி’ சாப்பிடுவோம். இங்கே அதை இரண்டிரண்டாகத்தான் கொடுப்பார்கள். ஒருவருக்கு ஒரு சோடி. நின்றுகொண்டே, தாளில் கசியும் கறியை நக்கிக்கொண்டே, வாரம் முழுவதும் பேசாததைப் பேசுவோம். அறுவைக்குப் பின் முதல் வெள்ளிக்கிழமை அவர் போகவில்லை. இரண்டாம் வெள்ளிக்கிழமையும் போகவில்லை. எனக்காக விட்டுக்கொடுக்கிறார் என்று நெகிழ்ந்தேன். ஐந்தாவது வாரம் அவர் சட்டைப்பையில் மஞ்சள் கறை படிந்த தாளைக் கண்டதும், வேறொரு பெண்ணின் கடிதத்தைக் கண்டெடுத்தவளைப் போலச் சண்டை போட்டேன். அவர் தனியாகப் போய்ச் சாப்பிட்டதில் எனக்கு வலிக்கவில்லை. என்னிடம் மறைத்தார் என்பதும் முழுக் காரணமில்லை, நானே ஊருக்கெல்லாம் மறைப்பவள். தின்பதை எடுத்துவிட்டால் எங்களுக்கிடையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் போன பயம் அது. இப்போது வெள்ளிக்கிழமைகளில் முக்கால் மணி நேரம் சேர்ந்து நடக்கிறோம். முதலில் பேச்சு வரவில்லை. சில வாரங்களாகக் கொஞ்சம் வருகிறது.

மூன்றாம் மாதத்திலிருந்து முடி கொட்டுகிறது. சீப்பில் கொத்தாக வருவதைப் பார்க்கும்போது, இது தற்காலிகம், உடலுக்கு நேர்ந்த அதிர்ச்சியில் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் நேர்வது, பிறகு வளரும் என்று அறிவு சொல்கிறது, கை நடுங்குகிறது. இன்னொன்று, நான் எதிர்பாராதது: பாராட்டு கிளப்பும் கோபம். பல ஆண்டுகளாக நான் பேருந்தில் ஏறினால் பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்துக்கொள்ளும் ஒரு பெண்மணி, சென்ற மாதம் பையை எடுத்துவிட்டு ‘உட்காருங்கள் மிஸ்’ என்றார். உட்கார்ந்தேன், நன்றி சொன்னேன். இறங்கும்வரை, 118 கிலோவாக இருந்தவள் உங்களுக்கு என்ன தீங்கு செய்தாள் என்று கேட்கத் துடித்த வாயை அடக்கிக்கொண்டிருந்தேன்.

தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருப்பது எங்கள் குடும்ப வழக்கம். இம்முறை மருத்துவரிடம் கேட்டுவிட்டு, சைவம் மட்டும் இருந்தேன். ஒருவேளை உணவு என்ற கட்டுப்பாட்டை விட்டுவிட்டு, பருப்பு, தயிர், புரதப் பொடி என்று சிறுகச் சிறுக ஐந்து வேளை உண்டேன். விரதம் இருப்பவள் ஐந்து வேளை உண்பதா என்று என் சின்னம்மாவுக்குக் குழப்பம். கோர் தெ கார்ட் மலைச் சரிவில் இருக்கும் முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுத்து ஏறினேன். ஆறு ஆண்டுகளாகக் கீழே நின்று கும்பிட்டுத் திரும்பியவள். மேலே போனதும் மகிழ்ச்சி பொங்கும் என்று நினைத்திருந்தேன். மூச்சிரைத்தது, கால் வலித்தது, வெயில் தாங்கவில்லை. அவ்வளவுதான் இருந்தது, எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

பந்தியில்தான் சோதனை. வாழையிலையில் சோற்றோடு ஏழு கறி பரிமாறுவது இங்குள்ள தமிழர்களின் அடையாளம். எங்கள் நாட்டில் மற்ற இனத்தாரும் ‘செத் காரி’ என்று பிரெஞ்சில் எண்ணிச் சொல்லி ஆசையோடு வருவார்கள். ரசமும் பாயசமும் தனி. இலையில் மிச்சம் வைத்து எழுவது சமைத்தவரை அவமதிப்பது என்று வளர்க்கப்பட்டவள் நான். பரிமாற வந்த இளைஞரிடம் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மேசைக்கரண்டி போதும் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கரண்டி நிறைய அள்ளினார். கையால் இலையை மறைத்தேன். ஒரு மேசைக்கரண்டி 15 மில்லி. ஏழு கறிக்கு 105 மில்லி. என் இரைப்பை இப்போது கொள்ளக்கூடியதே ஏறத்தாழ அவ்வளவுதான். சோற்றுக்கு இடமில்லை. இந்தக் கணக்கை நான் மனத்துக்குள் போட்டுக்கொண்டிருக்கையில், எதிர்வரிசையில் இருந்தவர்கள் நான் கைவைத்து மறைத்த இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூசணிக்காயில் தொடங்கி, மென்று மென்று, முப்பது நிமிடத்தில் ஏழு கரண்டியையும் முடித்தேன். பந்தி எழுந்து அடுத்த பந்தி உட்காரக் காத்திருந்தது. பாயசத்தை என் சின்னம்மா ஒரு கிண்ணத்தில் எடுத்துவைத்துக் கொடுத்தார். ஏன் என்று கேட்கவில்லை. அன்று இரவு அவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “வலிச்சுதா?” என்று மட்டும் கேட்டார். நான்கரை மாதத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி.

இவையெல்லாம் தாங்கக்கூடிய துன்பங்கள். தாங்க முடியாதவையும் உண்டு, அவற்றைக் கட்டுரைகள் மறைக்கக் கூடாது. பருமன் அறுவைக்குப் பின் சிலரிடம் தற்கொலை முயற்சியும் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்வதும் கூடுவதாக ஆய்வுகள் கண்டிருக்கின்றன. உணவில் கிடைத்த ஆறுதலை மதுவில் தேடுவோர் உண்டு. மாறிப்போன வயிற்றிலிருந்து மது முன்னைவிட வேகமாக ரத்தத்தில் ஏறுகிறது, ரம் வடிக்கும் எங்கள் தீவில் இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். மனநோய்க்கு மாத்திரை எடுப்பவர்களுக்கு அது உடலில் சேரும் அளவு மாறக்கூடும் என்பதால், தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் அளவைச் சரிபார்க்க வேண்டும். விடாத வாந்தி இருந்தால் தயமின் (வைட்டமின் பி1) சத்து குறைந்து நரம்பும் மூளையும் பாதிக்கப்படலாம். முதல் வாரங்களில் காய்ச்சல், படபடக்கும் நாடித்துடிப்பு, தோளுக்கு ஏறும் வலி ஆகியவை தோன்றினால் அது தையல் கசிவாக இருக்கலாம், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை வாழ்நாள் முழுவதும் கவனிக்க வேண்டும்.

இப்போது இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. உடல் நிறை எண் 40, அல்லது நோய்கள் சேர்ந்திருந்தால் 35 என்று 1991இல் வகுத்த பழைய வரம்பை, 2022இல் இத்துறையின் பன்னாட்டு மருத்துவ அமைப்புகள் திருத்தின. பொதுவாக 35 போதும் என்றும், ஆசிய மக்களுக்கு 27.5இலிருந்தே இதை முன்வைக்கலாம் என்றும் பரிந்துரைத்தன. நம் மக்கள் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய்க்கு ஆளாகிறார்கள் என்பதால் இந்த மாற்றம் வந்தது. அப்படியானால் சென்னையிலும் கொழும்பிலும் டர்பனிலும் இங்கும், என்னைப் போல இனி எத்தனையோ பேர் அந்த அறையில் உட்கார்ந்து தாளில் கையெழுத்திடப் போகிறார்கள். அவர்களில் பலர் முதலில் படிப்பது தங்கள் மருத்துவப் பக்கமாகத்தான் இருக்கும்.

ஆகவே, இதே மருத்துவரைக் கொண்டோ, ஒரு மனநல மருத்துவரையும் உணவியலாளரையும் சேர்த்துக்கொண்டோ, முதல் ஆறு மாதங்களைப் பற்றி மட்டும் ஒரு கட்டுரை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரு கரண்டிக் கெட்டிப் பருப்பில் எவ்வளவு புரதம், எந்த வாரத்தில் இட்லியைத் தொடலாம், புளியும் மிளகாயும் எப்போது என்று நம் அடுக்களையிலிருந்து அது எழுதப்படட்டும். வீட்டில் இருப்பவர்களுக்கும் அதில் சில பத்திகள் இருக்கட்டும்: தட்டில் விழும் கரண்டியை எண்ண வேண்டாம், ‘இன்னும் ஒரு வாய்’ என்று சொல்ல வேண்டாம், வலித்ததா என்று கேட்கலாம். படம் போட வேண்டுமென்றால் மூன்றாவது வாரத்தில் ஒரு படமும் நான்காவது மாதத்தில் ஒரு படமும் எடுத்துப் போடுங்கள்.

இக்கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைத் தவிர்த்துவிடுமாறு வேண்டுகிறேன். வெளிப்படையாகப் பேசச் சொல்லும் கடிதத்துக்கு இது முரண் என்பதை அறிவேன். பள்ளியில் எட்டுப் பேருக்கு இன்னும் பித்தப்பைக் கதைதான் தெரியும். அவர்கள் அதைச் செய்தித்தாளில் படித்து அறிவதற்கு முன் நான் நேரில் சொல்லிவிட வேண்டும். இரண்டு பேரிடம் சொல்லிவிட்டேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு தமிழாசிரியை
ரோஸ் ஹில், மொரிசியஸ்